பெட்டியில்லாமல் ஊருக்குப் போனேன்: சோஹாரிலிருந்து மேலப்பாளையம்

வளைகுடாவில் வேலை பார்ப்பவனுக்கு ஊரிலிருந்து வரும் போன்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில், பேச்சு முடியும்முன் ஒரு பட்டியல் வரும்: பேரீச்சம் பழம், கோடாலித் தைலம், மாமிக்கு செண்ட், பக்கத்து வீட்டுக்கு சோப்பு. இரண்டாவது வகையில் பட்டியல் வராது. “ஒண்ணுமில்ல, சும்மா ஒரு எட்டு வந்துட்டுப் போங்க” என்பது மட்டும்தான் வரும். சென்ற ஐப்பசியில் ஒரு புதன்கிழமை மதியம் ஒன்றேகாலுக்கு எனக்கு வந்தது இரண்டாவது வகை.

என்னைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: ஓமானில் சோஹார் என்ற ஊரில் ஒரு கட்டுமானப் பொருள் கடையில் ஸ்டோர் கீப்பராக இருக்கிறேன். பதினோரு வருடம் ஆகிறது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்னோடு இருக்கிறார்கள். சொந்த ஊர் திருநெல்வேலி மேலப்பாளையம். அங்கே உம்மா, என் தங்கை ஜன்னத், அவள் மாப்பிள்ளை காஜா மூவரும் ஒரே வீட்டில். போன் செய்தவர் காஜா.

“உம்மாவுக்குக் காலையில நெஞ்சு அடைக்க மாதிரி இருந்துச்சு மச்சான். ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். பயப்படுததுக்கு ஒண்ணுமில்ல. நீங்க சும்மா ஒரு எட்டு வந்துட்டுப் போங்க.”

“உம்மாட்ட போனைக் குடுங்க.”

“ஐ.சி.யு.வுக்குள்ள போன் விடமாட்டாங்க. தூங்குதாங்க.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “நாளைக்கு மஃரிபுக்குள்ள வந்துருவீங்கள்லா?” என்று கேட்டார்.

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னைச் சந்தேகப்பட வைத்தது. எங்களில் ஒருவர் மௌத்தானால் மையித்தை, அதாவது உடலை, வைத்திருக்க மாட்டார்கள். சில மணி நேரத்தில் அடக்கம். வெளிநாட்டிலிருந்து மகன் வருகிறான் என்றால், மிஞ்சிப் போனால் மறுநாள் அந்தி மஃரிப் தொழுகை வரை பொறுப்பார்கள். நோயாளியைப் பார்க்க வருகிறவனிடம் எதற்கு இந்த மஃரிப் கணக்கு?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால் இதே காஜா, இதே குரலில், “வாப்பாவுக்கு லேசா மூச்சு வாங்குது, சும்மா வந்துட்டுப் போங்க” என்றார். நான் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போனேன். கார் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நேரே மையவாடிக்குப் போனது. மண் ஈரம் காயவில்லை. என் விமானம் கிளம்பும்முன்பே வாப்பாவை அடக்கியிருந்தார்கள். வழியில் பிள்ளை பதறக் கூடாது என்பதற்காகத்தான் மறைத்தார்களாம். நல்ல மனதோடு செய்ததுதான். ஆனால் ஒருமுறை அப்படி ஏமாந்தவன் அடுத்த முறை யார் சொல்லையும் நம்ப மாட்டான். உம்மா உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதைத்தான் யாரிடமும் கேட்க முடியவில்லை. கேட்டால் “ஒண்ணுமில்ல” என்பார்கள்.

முதலாளியிடம் லீவு கேட்டேன். சாதாரணமாக மூன்று நாள் இழுப்பார். அன்று ஒரு கேள்வி இல்லை. தோளில் தட்டி “போ” என்றார். இவருக்கும் சொல்லிவிட்டார்களோ? வீட்டுக்கு வந்தால் என் மனைவி சமையலறையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு வெங்காயம் நறுக்கினேன் என்றாள். அன்று மதியம் எங்கள் வீட்டில் தயிர்ச்சோறு. பிள்ளைகளுக்குப் பரீட்சை என்பதால் நான் மட்டும் போவது என்று முடிவானது. மஸ்கட்டிலிருந்து வியாழன் காலை 8.10க்கு திருவனந்தபுரம் போகும் விமானத்தில் கடைசி இருக்கைகளில் ஒன்று கிடைத்தது. போக மட்டும் 86 ரியால். முன்கூட்டியே எடுத்தால் ஐம்பதுக்குள் முடியும்.

கைப்பையில் இரண்டு சட்டை, ஒரு சாரம், பாஸ்போர்ட். மனைவி ஒரு கிலோ பேரீச்சம் பழப் பொட்டலத்தைக் கொண்டு வந்து பைக்குள் திணித்தாள்.

“மௌத் வீட்டுக்கு எவனாவது ஈச்சம்பழம் கொண்டுட்டுப் போவானா?” என்று கத்திவிட்டேன்.

பிள்ளைகள் படிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அதுவரை அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். இந்தப் பயணத்தில் நான் செய்த பெரிய தப்பு அதுதான். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சோஹாரிலிருந்து மஸ்கட் விமான நிலையம் 200 கிலோமீட்டர். கடையில் கூட வேலை பார்க்கும் சேவியர் அண்ணாச்சி தன் காரில் கொண்டுபோய் விட்டார். கூடங்குளத்துக்காரர். வாயைத் திறந்தால் மூட மாட்டார்; கடலில் எந்த மீன் எந்த மாதம் எங்கே மேயும் என்பதில் தொடங்கி கடை முதலாளியின் மருமகன் வரை போவார். அன்று இரண்டு மணி நேரமும் சாலையையே பார்த்து ஓட்டினார். இறங்கும்போது, “தைரியமா இரும் வே. எல்லாத்தையும் மேல உள்ளவன் பாத்துக்கிடுவான்” என்றார்.

“உமக்கு ஏதாவது தெரியுமா அண்ணாச்சி? மறைக்காம சொல்லும்.”

“எனக்கு என்ன வே தெரியும்? நீரு சொன்னதுதான் தெரியும்.”

நம்பவில்லை. ஊரில் மௌத் என்றால் முதலில் கூட இருப்பவனுக்குத்தான் போன் வரும். வாப்பாவின் விஷயத்திலும் அப்படித்தான். குடும்பம் வருமுன் என்னோடு அறையில் இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது, எனக்கு மட்டும்தான் தெரியாது.

விமானம் மூன்றரை மணி நேரம். ஒன்றும் சாப்பிடவில்லை. சுற்றிலும் எல்லோரும் லீவுக்குப் போகிற குஷியில் இருந்தார்கள். பக்கத்து இருக்கைக்காரர் நாகர்கோவில் பக்கம், “எத்தனை கிலோ கொண்டு போறீங்க?” என்று கேட்டார். கைப்பை மட்டும் என்றேன். அவர் முகம் உடனே மாறிவிட்டது. அதற்குப் பிறகு தரையிறங்கும்வரை என்னிடம் பேசவே இல்லை. பெட்டியில்லாமல் ஊருக்குப் போகிறவன் எதற்குப் போகிறான் என்பது வளைகுடாக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

இந்திய நேரம் 1.10க்கு இறங்கினோம். பெட்டிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் 1.50க்கு வெளியே வந்துவிட்டேன். காஜா வரவில்லை. எங்கள் தெரு பீர் அண்ணாச்சியைக் காரோடு அனுப்பியிருந்தார். அறுபது வயது, வாடகைக் கார் ஓட்டுகிறவர். 155 கிலோமீட்டருக்கு 4,800 ரூபாய், டோல் தனி. என் கைப்பையை வாங்கிப் பின்னால் வைத்தார். வேறு ஏதும் இருக்கிறதா என்று கேட்கவில்லை.

“உம்மா எப்படி இருக்காங்க அண்ணாச்சி?”

“இருக்காவ தம்பி. நீங்க சாப்புட்டியளா?”

“வேண்டாம். கொஞ்சம் வெரசா போங்க.”

“பைய போவோம் தம்பி. அவசரமில்ல.”

அவசரமில்ல! இதைவிட ஒரு மனிதனைக் கொல்லும் சொல் தமிழில் இருக்கிறதா என்று தெரியவில்லை. அவசரமில்லை என்றால் அவசரப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை என்றுதானே பொருள்? எண்பது போகக் கூடிய இடத்திலும் மனிதர் அறுபதைத் தாண்டவில்லை. களியக்காவிளை வருவதற்கே மூன்று மணி. அந்தச் சாலையில் போகிறவர்கள் நேரத்தை இரட்டிப்பாக்கியே வைத்துக்கொள்ளுங்கள். குறுகிய சாலை, ஊருக்கு ஊர் நெரிசல். தக்கலையில் அஸர் தொழ நிறுத்தினார். நானும் தொழுதேன். தொழுதுவிட்டு ஏந்திய கையோடு உட்கார்ந்திருந்தபோது என்ன கேட்பது என்று தெரியவில்லை. உம்மாவுக்குச் சுகத்தைக் கொடு என்று கேட்பதா, பாவங்களை மன்னித்துவிடு என்று கேட்பதா? இரண்டையும் கேட்டேன். பக்கத்தில் பீர் அண்ணாச்சி நெடுநேரம் கையேந்தியபடி இருந்தார்.

நாகர்கோவிலைத் தாண்டும்போது 4.00. ஆரல்வாய்மொழியில் வழக்கம்போலக் காற்று காரைப் பிடித்துத் தள்ளியது. மழை ஒரு பாட்டம் அடித்து ஓய்ந்தது. மற்ற நேரமென்றால் அந்தக் காற்றாலைகளைப் பார்த்ததும் ஊர் வந்துவிட்டது என்று மனம் துள்ளும். அன்று நான் காஜாவுக்கு மூன்று முறை போன் போட்டேன், எடுக்கவில்லை. ஜன்னத்துக்கு இரண்டு முறை போட்டேன், அவளும் எடுக்கவில்லை.

வள்ளியூர், நாங்குநேரி எல்லாம் போயின. இனி நான் பார்க்க வேண்டியது ஒரே ஒரு திருப்பம்தான். ரெட்டியார்பட்டி வந்ததும் நேரே பைபாஸில் போனால் வண்ணாரப்பேட்டை. ஆஸ்பத்திரி அங்கேதான். இடது பக்கம் ஊருக்குள் இறங்கினால் புது பஸ் ஸ்டாண்டு வழியாக மேலப்பாளையம், எங்கள் வீடு. நேரே போனால் உம்மா இருக்கிறாள். திரும்பினால் இல்லை. நாங்குநேரியிலிருந்து இருபத்தைந்து நிமிடம் நான் அந்த இண்டிகேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

5.10க்கு பீர் அண்ணாச்சி இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டார்.

“ஆஸ்பத்திரிக்குப் போகலையா?” என்று முன்னால் சாய்ந்து கேட்டேன்.

“வீட்டுக்குத்தான் கூட்டியாரச் சொல்லி காஜா சொல்லியிருக்கு தம்பி.”

கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு வருடமாக உம்மா வாங்கி வரச் சொன்ன மெத்தென்ற போர்வையை நான் வாங்கி அனுப்பவில்லை என்பதுதான் ஏனோ திரும்பத் திரும்ப மனதில் வந்தது.

எங்கள் தெருவில் கார் நின்றது. வாசலில் செருப்புகள். எண்ணவில்லை, ஆனால் இருபது ஜோடிக்குக் குறையாது. உள்ளே பெண்கள் பேச்சு மெதுவாகக் கேட்டது. செருப்பைக் கழற்றக்கூட மறந்து நடைக்குள் போனேன். முன் அறையில் சொந்தக்காரப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் விலகி வழிவிட்டார்கள். நடுவில் மையித்துக் கட்டில் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அடக்கியாகிவிட்டது, இந்த முறையும் முகம் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே சமையலறை வாசலுக்குப் போய்விட்டேன்.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

மௌத்தான வீட்டில் எங்கள் பக்கம் மூன்று நாள் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். சாப்பாடு அக்கம்பக்கத்திலிருந்துதான் வரும். இங்கே நீலமாக எரிகிறது, மேலே கஞ்சி கொதிக்கிறது, ஜன்னத் கரண்டியோடு நிற்கிறாள். நான் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். நாற்பத்து மூன்று வயது ஆண்பிள்ளை, பாதி மேலப்பாளையத்துக்கு முன்னால்.

“ஏண்ணே அழுத? உம்மாவுக்குக் கஞ்சிதாண்ணே காச்சுதேன்!” என்று அவளும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

விஷயம் இதுதான். ஐ.சி.யு.வில் பார்வையாளர் நேரம் மாலை ஐந்திலிருந்து ஆறு வரை. உள்ளே போக ஒரே ஒரு அட்டை. அது ஜன்னத்திடம் இருந்தது. அவள் கஞ்சி காய்ச்ச வீட்டுக்கு வந்திருந்ததால் என்னையும் வீட்டுக்கு வரச் சொன்னார்கள். மஃரிபுக்குள் வரச் சொன்னது ஆறு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள் என்பதற்காக. காஜா ஆஸ்பத்திரியில் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்ததால் போன் எடுக்கவில்லை; ஜன்னத் அவசரத்தில் தன் போனை ஆஸ்பத்திரியிலேயே விட்டு வந்திருந்தாள். பெண்கள் நலம் விசாரிக்க வந்தவர்கள். பீர் அண்ணாச்சி மெதுவாக ஓட்டியதற்குக் காரணம், போன வாரம்தான் அவருக்கு வேகமாகப் போனதற்கு அபராதம் வந்திருந்தது. வெங்காயம் நறுக்கியதாகச் சொன்ன என் மனைவியைத் தவிர ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை; அவளும் என்னைப் போலப் பயந்துதான் அழுதிருக்கிறாள். நான்தான் ஒருவரையும் நம்பவில்லை.

5.45க்கு வண்ணாரப்பேட்டை போய்ச் சேர்ந்தோம். அட்டையைக் காட்டி உள்ளே போனேன். உம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். மூக்கில் குழாய். பாதி ஆளாகியிருந்தாள். “உம்மா” என்றேன்.

கண்ணைத் திறந்து பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் வந்தது பயம்.

“ஏலே, உன்னையும் வரச் சொல்லிட்டாங்களா?” என்றாள். “அப்ப நான் போயிருவேன்னு டாக்டர் சொல்லிட்டாருல்லா?”

தலைமாட்டில் இருந்த திரையில் 88 என்று இருந்த இதயத் துடிப்பு எண் 100 ஆகி 112 ஆனது. என்னை ஒரு நாள் முழுக்க வதைத்த அதே கணக்கை உம்மா ஒரு நொடியில் போட்டுவிட்டாள். நான் போனை வைத்துப் போட்ட கணக்கை அவள் என் முகத்தை வைத்துப் போட்டாள்.

“ஒண்ணுமில்லம்மா. லீவு கெடந்துச்சு. சும்மாதான் வந்தேன்.”

சொன்ன பிறகுதான் அது யாருடைய வசனம் என்று உறைத்தது. ஆறு வருடமாகக் காஜா மேல் வைத்திருந்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

உம்மா நம்பவில்லை. “சும்மா வந்தவன் பெட்டி எங்கலே?”

“வீட்ல இருக்கும்மா.”

“ஒருத்தரும் தொறக்கக் கூடாது. நான் வந்துதான் தொறப்பேன்.”

எங்கள் வீட்டில் வெளிநாட்டுப் பெட்டியை எப்போதும் உம்மாதான் திறப்பாள். யாருக்கு எது என்று பங்கு வைப்பதும் அவள்தான். எண் மெல்ல 96க்கு இறங்கியது. நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்று என்னை வெளியே அனுப்பினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை நான் பெட்டி தயார் செய்யப் போனேன். மேலப்பாளையம் பஜாரில் வாங்கினால் அஸருக்குள் உம்மா காதுக்குப் போய்விடும். அதனால் பஸ் ஏறி ஆற்றுப்பாலம் தாண்டி திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போய், வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடை ஒன்றில் பேரீச்சம் பழம், தைலம், செண்ட், சோப்பு, ஆரஞ்சு பவுடர், அந்தப் போர்வை எல்லாம் வாங்கினேன். தாமிரபரணியில் செம்மண் நிறத்தில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போனது. சோஹாரில் மேசை மேல் விட்டுவந்த ஒரு கிலோ பேரீச்சம் பழத்தை நினைத்து என்னை நானே திட்டிக்கொண்டேன்.

கடையில் பெரிய அட்டைப்பெட்டி ஒன்று கேட்டு வாங்கி, நைலான் கயிறு கட்டி, நாலு பக்கமும் மார்க்கரில் என் பெயரையும் ஊரையும் எழுதினேன். காஜா சுற்றிவந்து பார்த்தார்.

“விமானத்துல வந்த பெட்டி இம்புட்டு பளபளன்னா இருக்கும் மச்சான்?” என்று சொல்லிவிட்டு ஒரு மூலையை ஓங்கி இரண்டு மிதி மிதித்தார். அனுபவஸ்தர்.

சனிக்கிழமை உம்மாவை வார்டுக்கு மாற்றினார்கள். பெட்டியைக் கட்டில் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். நசுங்கிய மூலையைத் தடவிப் பார்த்தாள். கயிற்றை அறுக்கச் சொல்லி, ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒரு சோப்பை நர்ஸுக்குக் கொடுத்தாள். போர்வையை விரித்து அங்கேயே போர்த்திக்கொண்டாள். அன்றுதான் பசிக்கிறது என்று கேட்டுக் கஞ்சி குடித்தாள்.

இனி, இதே மாதிரிப் பயணம் போக நேர்கிறவர்களுக்கு. நெல்லைக்குத் திருவனந்தபுரமும் மதுரையும் ஏறக்குறைய ஒரே தூரம்தான். மதுரைச் சாலை அகலம், நேரம் மிச்சம். ஆனால் அவசரத்துக்கு வளைகுடாவிலிருந்து விமானம் கிடைப்பது திருவனந்தபுரத்துக்குத்தான் எளிது. தூத்துக்குடி விமான நிலையம் பாளையங்கோட்டையிலிருந்து முக்கால் மணி நேரம்தான் என்றாலும் சென்னையோ பெங்களூரோ போய்த்தான் மாற வேண்டும். தரையிறங்கியதிலிருந்து வீட்டுக்கு நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்முன் ஆஸ்பத்திரியின் பார்வையாளர் நேரத்தைக் கேட்டு வையுங்கள். நான் கேட்டிருந்தால் பாதி உயிர் மிச்சமாகியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் ஒருவரிடம் நல்ல நாளிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நானும் காஜாவும் இப்போது பேசி வைத்திருக்கிறோம்: இனி எதுவானாலும் எனக்கு உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். வழியில் பதறினாலும் பரவாயில்லை. தெரியாமல் பதறுவதைவிட அது மேல்.

உம்மாவுக்கு மட்டும் அந்த ஒப்பந்தம் பொருந்தாது என்று நானாக முடிவு செய்திருந்தேன்.

பத்தாம் நாள் நான் திரும்பிக் கிளம்பினேன். உம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள், சுவரைப் பிடித்து நடக்கிறாள். பீர் அண்ணாச்சி வாசலில் ஹாரன் அடித்தார். உம்மா என்னைக் கிட்டே கூப்பிட்டு, தலையணைக்கு அடியிலிருந்து தைலப் பாட்டிலை எடுத்து என் கையில் கவிழ்த்து வைத்தாள். அடியில் ஒரு சின்ன ஸ்டிக்கர். ரூபாயில் விலை, அதற்குக் கீழே ஜங்ஷன் கடையின் பெயர்.

“எப்பம்மா பாத்தீங்க?” என்றேன்.

“பெட்டி தொறந்த அன்னைக்கே பாத்தேன்.”

“அப்பவே ஏன் சொல்லல?”

“நம்பிக்கிட்டா கொஞ்சம் தெம்பா இருந்துச்சு. அதான் நம்பிக்கிட்டேன்.” பாட்டிலைத் திரும்ப வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். “அடுத்த தடவ வரும்போது ஸ்டிக்கர உரிச்சிட்டுக் கொண்டு வாலே.”